ஒப்படைக்க ஒரு துப்பாக்கி

ஜெயிலு ஸ்டாப்பு வந்தா கொஞ்சம் சொல்லு கண்ணு. போன தடவ கண்டக்டரு மறந்துட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டான். நான் திரும்பி நடந்து போறதுக்குள்ள மனு வாங்கற நேரமே முடிஞ்சுபோச்சு. உள்ள இருக்கற ஆளப் பாக்கணும்னா மனு எழுதிக் குடுக்கணும் கண்ணு. உனக்கெதுக்கு அதெல்லாம் தெரியப் போவுது, படிக்கற புள்ளையாட்டம் இருக்கற. நர்சு படிப்பா? மத்தியானந்தான் டூட்டியா? நல்லாரு சாமி, நல்லாரு.

எம்மவனப் பாக்கப் போறேன். வடமலைன்னு பேரு. துப்பாக்கி கேசு. அய்ய, பைய எதுக்கு இழுத்து அணைச்சுக்கற? அவன் யாரையும் சுடல. காக்கா குருவியக்கூடச் சுட்டதில்ல. வீட்டுல கோழி அறுக்கறதுன்னா நாந்தான் அறுக்கணும். அவன் அந்தப் பக்கம் எங்கியாவது போயிருவான், கொழம்பு கொதிக்கற வாசத்துக்கு மட்டும் சரியா வந்துருவான். துப்பாக்கியே இல்லாத வீட்டுல வளந்து துப்பாக்கி கேசுல உள்ள போன ஒரே ஆளு எம்மவனாத்தான் இருப்பான்.

மூணு தடவ வந்துட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் எல்லாரு புள்ளைங்களும் வந்து நிக்குது, பேசுது, அழுவுது. எம்மவன் மட்டும் வரல. உள்ள போயிட்டு வந்த வார்டரு, "ஒங்கம்மா வந்திருக்குன்னு சொன்னேன், பாக்கலைன்னுட்டான்"ங்கறாரு. அவரு வேற யாரையோ கூப்புட்டிருப்பாரு, அங்க வடமலைன்னு இன்னொருத்தன் இருந்தாலும் இருப்பான். பெத்தவளப் பாக்கலைன்னு எந்தப் புள்ள சொல்லும், நீயே சொல்லு கண்ணு. இன்னைக்கு எப்பிடியாச்சும் பாத்துரணும். அவன் மொகம் மறந்துபோயிருமோன்னு பயமா இருக்குது எனக்கு.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், கேளு. எங்களுது மலைமேல ஊரு. குச்சிக்கெழங்கு போடுவோம், சாமை வெதைப்போம். பன்னி வரும். ஒரு கூட்டம் எறங்குச்சுன்னா விடியறதுக்குள்ள காட்டையே பொரட்டிப் போட்டுட்டுப் போயிரும். அதனால அந்தக் காலத்துல ஊட்டுக்கு ஊடு ஒத்தக்குழலு நாட்டுத் துப்பாக்கி இருக்கும். மருந்து கெட்டிச்சுச் சுடறது. எங்க வீட்டுக்காரரு சீரங்கன்கிட்டயும் இருந்துச்சு. பன்னியச் சுட்டாரோ இல்லையோ, அத எண்ண போட்டுத் தொடைக்கறதுல ஒரு பொழுது போவும் அவருக்கு. எம்மூஞ்சிய அப்பிடி ஒரு நாளு பாத்திருப்பாரா மனுசன்.

பலா மரத்துல இருந்து வுழுந்து செத்துப்போனாரு. வடமலைக்கு அப்ப ஒம்பது வயசு. எங்க பக்கம் ஒரு பழக்கம் இருக்குது கண்ணு. செத்தவன் கையோட எத வச்சுக்கிட்டுத் திரிஞ்சானோ அத அவன்கூடவே வச்சுப் பொதைக்கணும். ஒருத்தருக்கு வெத்தலப் பையி, ஒருத்தருக்கு கொடுவா. எங்க வீட்டுக்காரருக்கு வேற என்ன, துப்பாக்கிதான். ஆனா ஊரு பாக்கப் பொதைச்சா போலீசுக்கு எவனாவது சொல்லிருவான். அதனால நானும் எந்தம்பி கோவிந்தனும் குழிக்குள்ள பாயோட சேத்துச் சுத்தி வச்சுட்டோம். யாரும் பாக்கல. சின்னப் பையன் வடமலை பாத்தான், அவ்வளவுதான். துப்பாக்கி அன்னைக்கே மண்ணுக்குள்ள போயிருச்சு.

அப்புறம் நான் ஒத்தப் பொம்பளை. என் வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி, குப்பமுத்துன்னு. காரியம் முடிஞ்சு மாசம்கூட ஆவல. ஒரு நாளு காலையில காட்டுக்குப் போறேன், அவன் என் காட்டுல ஏரு பூட்டிக்கிட்டு நிக்கறான். பாதிக் காடு உழுதுட்டான். "எவன்டா ஒன்னக் கேட்டது"ங்கறேன். "மழ பேஞ்சிருக்குது அண்ணி, வெதைப்பு தப்பிப்போயிரும், அதான்"ங்கறான். எப்பிடி இருக்குது பாரு. இன்னைக்கு உழுவான், நாளைக்கு வெதைப்பான், நாளான்னைக்குக் காடே என்னுதுன்னுவான். அதோட வேலியோரம் முள்ளு வேற வெட்டிப் போட்டிருந்தான். கேட்டா பன்னிக்காம். எனக்குத் தெரியாதா, வேலி போடறவன் எதுக்குப் போடுவான்னு?

நான் என்ன செஞ்சேன் தெரியுமா. இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னேன். "ஒங்கண்ணன் போனாலும் அவரு துப்பாக்கி வீட்டுலதான் இருக்குது. மருந்து கெட்டிச்சே வச்சிருக்கேன். இன்னொரு தடவ என் வரப்புல காலு வச்சுப் பாரு"ன்னேன். அவன் மூஞ்சி செத்துப்போச்சு. மாட்ட அவுத்துக்கிட்டுப் போனான். அன்னைக்குப் போனவன்தான், பன்னெண்டு வருசம் என் காட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. அந்த வருசம் பாதிக் காடு வெதைக்காமலே கெடந்துச்சு. கெடந்தாக் கெடக்குது, காடு என்னுதாச்சே.

வெறும் பேச்சு எத்தன நாளைக்குச் செல்லும்? ஒலக்கை ஒண்ணு எடுத்து அவரு பழைய வேட்டியில சுத்தி, பரண் மேல தெரியற மாதிரி வச்சேன். ஆயுத பூசைக்கு அதுக்குச் சந்தனம் தெளிச்சுப் பொட்டு வப்பேன். சிரிக்கற பாரு. சிரி, சிரி. தீவாளி கழிஞ்சு ரெண்டு வெடி மிச்சம் புடிச்சு வச்சுக்கிட்டு, சாமை கதிரு வாங்கற நேரத்துல காட்டுல போயி ஒண்ணு போட்டுட்டு வருவேன். மலை முழுக்கக் கேக்கும். அடுத்த நாளு தண்ணிக் கொழாயில ஒவ்வொருத்தியும் எனக்கு வழி விடுவாளுங்க. தாலியறுத்தவளுக்கு எங்க ஊருல எவ வழி விட்டா? எனக்கு விட்டாங்க கண்ணு.

அப்பிடித்தான் அவன வளத்தேன். பள்ளிக்கூடத்துல அவன "துப்பாக்கி"ன்னுதான் கூப்புடுவாங்க. அது அவனுக்குப் புடிக்கல. "எம்மா, ஒலக்கைய எடுத்துக் கீழ போடும்மா, எனக்கு வெக்கமா இருக்குது"ம்பான். "ஒனக்கென்னடா தெரியும், அந்த ஒலக்கைதான் ஒனக்குச் சோறு போடுது"ம்பேன். அவங்கப்பன் மாதிரி இல்ல, சாது. மொளகு பறிக்க மரம் ஏறுவான், அடிவாரத்துக்கு லோடு வண்டி ஓட்டுவான், வாங்கற கூலிய அப்பிடியே எங்கையில குடுப்பான். ஒரு பீடி சிகரெட்டு கெடையாது. ராசா மாதிரி புள்ள.

அடுத்த ஊருல வெண்ணிலான்னு ஒரு பொண்ணு. உன் வயசுதான் இருக்கும், உன்னாட்டமே ஒல்லியா. இவனுக்கு அவமேல உசுரு. எங்கிட்ட வாய விட்டுச் சொல்லல, எனக்குத் தெரியாதா? லோடு வண்டிய அந்தப் பக்கமாச் சுத்தித்தான் ஓட்டிக்கிட்டு வருவான். நானே போயிப் பேசி முடிச்சேன். அவங்கப்பன் நம்ம வீட்டப் பாக்க வந்தாரு. சுத்தி முத்திப் பாக்கறாரு. நம்மகிட்ட என்ன இருக்குது காட்டறதுக்கு? ரெண்டு ஆடு, ஒரு டிவி. பரணக் காட்டி, "அவங்கப்பன் துப்பாக்கி. ஆம்பள வீடு சம்பந்தி இது"ன்னேன். மனுசன் அண்ணாந்து பாத்துட்டு மரியாதையாத் தலைய ஆட்டுனாரு. இவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். வெக்கப்படறான்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் மைக்கு கட்டுன போலீசு ஜீப்பு வந்துச்சு. ஆவணி மாசம். "கள்ளத் துப்பாக்கி வச்சிருக்கறவங்க வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள மாரியம்மன் கோயில் முன்னால கொண்டாந்து வச்சிருங்க. பேரு கேக்க மாட்டோம். கேசு கெடையாது. வெள்ளிக்கெழமை தாண்டிச்சுன்னா வீடு வீடாத் தேடுவோம்"னு கத்திக்கிட்டே போனாங்க. சனங்க பயந்துபோச்சு. கொட்டாயிலயும் வைக்கப்போருலயும் இருந்ததெல்லாம் வெளிய வந்துச்சு. கோயிலுக்கு முன்னால வெறவு அடுக்குன மாதிரி கெடக்குது துப்பாக்கி. பாதி துருப்புடிச்சுக் கெடக்குது. இதுக்கா இத்தன நாளு பயந்தோம்னு தோணுச்சு.

ஊர்க்கவுண்டரு கூட்டம் போட்டாரு. எந்த வீடு வச்சுது, எந்த வீடு வெக்கலன்னு ஒவ்வொரு வீடாக் கேக்கறாரு. எங்க வீட்டு மொறை வந்துச்சு. இவன் எந்திரிச்சு, "எங்க வீட்டுல துப்பாக்கி இல்லீங்க"ன்னான். ஊரே சிரிச்சுது. கண்ணு, ஊரே சிரிச்சுது. ஊர்க்கவுண்டரு, "என்னடா வடமலை, பரண் மேல சந்தனம் வச்சுக் கும்புடறது என்ன, ஒங்கப்பன் பொணமா?"ன்னாரு. இவன், "சத்தியமா இல்லீங்க, அது..."ன்னான். என்னத் திரும்பிப் பாத்தான்.

அப்பப் பாத்து அந்தக் குப்பமுத்து எந்திரிக்கறான். "அண்ணி, இருந்தா குடுத்துருங்க. பையனுக்குக் கல்யாணம் வருது. போலீசு வீட்டுக்குள்ள பூந்தா நல்லாவா இருக்கும்"னான். எவ்வளவு நஞ்சு பாரு. துப்பாக்கி போயிருச்சுன்னா மறுநாளு காட்டுக்குள்ள எறங்கலாம், அதான் அவன் கணக்கு. கல்யாணத் தேதி பேச வந்த வெண்ணிலாவோட அப்பனும் அங்கதான் இருந்தாரு. "நானே என் கண்ணால பாத்திருக்கேன். இப்ப இல்லைங்கறானே. இப்பிடிப் பொய் பேசறவனுக்கு எப்பிடிப் பொண்ணக் குடுக்கறது? வெள்ளிக்கெழமைக்குள்ள அத ஒப்படைக்கட்டும், அப்புறம் மத்ததப் பேசலாம்"னுட்டாரு.

எல்லாரும் என்னப் பாக்கறாங்க. நீயே சொல்லு கண்ணு, நான் என்ன சொல்லியிருக்கணும்? அது ஒலக்கைன்னா? பன்னெண்டு வருசமா ஒலக்கையக் காட்டி உங்களையெல்லாம் பயமுறுத்துனேன்னா? அந்தக் கொழாயடிச் சிறுக்கிங்க முன்னால? அந்தக் குப்பமுத்து முன்னால? பாம்புன்னு அடிக்கவும் முடியல, பழுதைன்னு தாண்டவும் முடியல. நான் எந்திரிச்சேன். "இருக்குது. அப்பன் பொருளு, பிரிய மனசில்லாம புள்ள அப்பிடிச் சொல்றான். வெள்ளிக்கெழமை அவங்கையாலயே கொண்டாந்து வப்பான்"னு சொல்லிட்டேன். ஊர்க்கவுண்டரு அடுத்த வீட்டக் கேக்கப் போயிட்டாரு. எம்பேச்சுக்கு எப்பவும் ஊருல ஒரு மதிப்பு உண்டு.

வீட்டுக்கு வந்ததும் இவன் செவுத்தப் பாத்து ஒக்காந்துக்கிட்டான். "இப்ப நான் எத்தம்மா கொண்டு போயி வக்கறது? ஒலக்கையவா?"ன்னான். அப்புறம், "அப்பா குழியில இருக்குதுன்னு சொல்லிரலாம்மா. கோவிந்தன் மாமா சாட்சி. தோண்டி எடுத்துக் குடுத்துரலாம்"னான். செத்தவங்கூட வச்சதத் தோண்டுனா குலம் வெளங்குமா? அதுவும் இல்லாம, குழியில இருக்குதுன்னா அப்பப் பரண் மேல இருந்தது என்னன்னு கேப்பானுங்களே. "வாய மூடுறா"ன்னேன். "நான் போயி ஊர்க்கவுண்டரு கால்ல வுழுந்து உண்மையச் சொல்லிர்றேம்மா"ன்னான். "நீ போனீன்னா திரும்பி வர்றப்ப ஒங்காத்தா உத்தரத்துல தொங்குவா"ன்னேன். சும்மா சொன்னேன் கண்ணு. தாயி புள்ளைக்குள்ள சொல்லிக்கறதுதான. அவன் அழுதான். இருபது வயசு தாண்டுன பையன், முழங்காலக் கட்டிக்கிட்டு அழுதான்.

எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. இப்பக்கூட நெனச்சுப் பாத்தா நல்ல ரோசனைதான். துப்பாக்கி வேணும், அவ்வளவுதான? எங்கியாச்சும் ஒண்ணு வாங்கிக் கொண்டாந்து கோயில் முன்னால வச்சுட்டா போலீசுக்கும் ஆச்சு, சம்பந்திக்கும் ஆச்சு, எம்மானமும் போவாது. எந்தம்பி கோவிந்தனுக்கு எதுத்த மலையில ஒரு ஆளத் தெரியும். அந்தாளுகிட்ட ஒண்ணு கெடந்துச்சு. ஒரு கிடாக்குட்டியக் குடுத்தா தரேன்னுட்டான். கோவிந்தனுக்குக் காலுல புண்ணு, நடக்க முடியல. "நீ போயிட்டு வந்துரு ராசா, வெள்ளிக்கெழமை பொழுது சாயறதுக்குள்ள வந்துரு"ன்னு இவன அனுப்புனேன்.

அவனுக்கு இஷ்டமே இல்ல. செருப்பப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னான். "எம்மா, நான் தொட்டதே இல்லையேம்மா அத. எப்பிடிப் புடிக்கறதுன்னுகூடத் தெரியாது"ன்னான். "புடிக்க வேண்டாம், சாக்குல சுத்திக்கிட்டு வா. மடியில கனமில்லன்னா வழியில எதுக்குடா பயம்"னேன். வெள்ளிக்கெழமை காலையில சோறு கட்டிக் குடுத்தேன். புளிச்சோறு. கிடாக்குட்டியத் தோளுல போட்டுக்கிட்டுப் போனான். அந்தக் குட்டி அவன் கையாலதான் பாலு குடிச்சு வளந்துச்சு, அவன் சட்டைக் காலரச் சப்பிக்கிட்டே போச்சு.

மத்தியானமே அவன் வாங்கிட்டான். திரும்பி வர்றப்ப அடிவாரத்துல செக்போஸ்ட்டு. வேற ஸ்டேசன் போலீசு. சாக்கப் பிரிச்சுட்டாங்க. "சரண்டர் பண்ணத்தாங்க கொண்டு போறேன்"னு இவன் சொல்லியிருக்கான். "எந்த ஊருடா நீ?" சொல்லியிருக்கான். "ஒங்க ஊருத் துப்பாக்கி எதுத்த மலையில இருந்து எதுக்குடா வருது?" இவனுக்குத்தான் பொய்யே வராதே, என் வயித்துல எப்பிடித்தான் பொறந்தானோ. "எங்ககிட்ட இல்லீங்க. இல்லைன்னா யாரும் நம்பலீங்க. அதான் ஒப்படைக்கறதுக்காக வாங்கிட்டு வரேன்"னு உள்ளத அப்பிடியே சொல்லியிருக்கான். அந்தப் போலீசுக்காரங்க சிரிச்சாங்களாம். துப்பாக்கிய எவனாவது ஒப்படைக்கறதுக்காக வாங்குவானாடான்னு கேட்டாங்களாம். நீயே சொல்லு, நம்பறதுக்கு இது கஷ்டமா? எனக்கு அப்பிடித் தோணலையே. வச்சிருந்தவனெல்லாம் கோயில் முன்னால போட்டுட்டு வீட்டுல படுத்துத் தூங்குனான். இல்லாதவன விலங்கு மாட்டிக் கொண்டு போனாங்க.

அவனப் புடிச்சுட்டாங்கன்னு கேட்டதும் என் உசுரு எங்கிட்ட இல்ல. மறுநாளு ஓடுனேன் ஸ்டேசனுக்கு. ஊரு சிரிச்சாலும் சிரிக்கட்டும், எம்புள்ள வந்தாப் போதும்னு இன்ஸ்பெக்டரு முன்னால கும்புட்டு நின்னு அத்தனையும் சொன்னேன். ஒலக்கையச் சொன்னேன். குழியச் சொன்னேன். "சாமி, எங்க வீட்டுத் துப்பாக்கி மண்ணுக்குள்ள கெடக்குது. வேணுமின்னா தோண்டிப் பாருங்க. என் புள்ள சொல்றது நெசம்"னேன். தோண்டிப் பாத்தாங்க கண்ணு. தாசில்தாரு வந்தாரு. ஊரே வந்து நின்னுச்சு. நானும் நின்னேன். குழலு மட்டும் துருப்புடிச்சு வந்துச்சு, அதோட அவரு... வேண்டாம், சின்னப் புள்ள நீ. அந்த இன்ஸ்பெக்டரு குழலக் கையில வாங்கிப் பாத்துட்டு, "அப்ப ஒங்க குடும்பத்துக்கு மொத்தம் ரெண்டு துப்பாக்கி"ன்னு எழுதிக்கிட்டாரு.

பாத்தியா? பன்னெண்டு வருசம் பொய் சொன்னேன், ஒரு கேடும் வரல. ஒரே ஒரு நாளு உண்மையச் சொன்னேன், கேசு ரெண்டாச்சு. உண்மையெல்லாம் வசதி இருக்கறவங்க பேசறது கண்ணு. நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அது கட்டாது.

இல்ல, ஜாமீனு குடுத்தாங்க. குடுக்காம இல்ல. கார்த்திகையிலயே குடுத்துட்டாரு ஜட்ஜு. நெலம் இருக்கற ரெண்டு பேரு வந்து கையெழுத்துப் போடணும்னாரு. ஊர்க்கவுண்டரு ஒருத்தரு வந்தாரு. இன்னொருத்தன் யாரு வந்தான்னு நெனைக்கற? குப்பமுத்து. பட்டாவ மஞ்சப் பையில போட்டுக்கிட்டு, சட்டையெல்லாம் தொவைச்சுப் போட்டுக்கிட்டு கோர்ட்டு வராண்டாவுல நிக்கறான். அன்னைக்கு வாய்தாவுக்கு வடமலையவும் கூட்டிட்டு வந்திருந்தாங்க. அவன் சித்தப்பனப் பாத்துச் சிரிக்கறான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஒங்கையெழுத்துல எம்மவன் வெளிய வர வேண்டாம். இன்னைக்குக் கையெழுத்துப் போடுவ, நாளைக்குக் காட்டக் கேப்ப. எனக்குத் தெரியும்டா ஒன்ன"ன்னு நல்லாக் கேட்டுட்டேன். வக்கீலு, அரசாங்கத்துல குடுத்த வக்கீலு அது, "ஏம்மா, ஏம்மா"ங்குது. குப்பமுத்து கண்ணத் தொடைச்சுக்கிட்டான். நடிப்பு. "அண்ணி, நான் அன்னைக்கும்..."ன்னு ஏதோ ஆரம்பிச்சான். "போடா"ன்னேன். அவன் பையி கீழ வுழுந்துச்சு, எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

வடமலை என்னப் பாத்து, "எம்மா, வேண்டாம்னு சொல்லாதம்மா. எனக்கு வெளிய வரணும்மா"ன்னான். "கொஞ்சம் பொறு ராசா, வேற ஆளு கொண்டாரேன்"னேன். அவன் அப்புறம் எம்பக்கம் திரும்பல. பஸ்சுல ஏத்தறப்பக்கூடத் திரும்பல. நான் ஓடி ஓடிப் பாத்தேன். அந்த மொகத்தப் பாத்ததுதான் கடைசி. வேற ஆளு இன்னும் கெடைக்கல. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். மலையில நெலம் வச்சிருக்கறவனெல்லாம் அந்தக் குப்பமுத்துவுக்குத்தான் சொந்தம், எனக்கு யாரு இருக்கா?

வீட்டுல ஒரு சோறு ஆக்குனா எறங்க மாட்டேங்குது கண்ணு. அவன் வட்டல எடுத்து வச்சுட்டு எதுத்தாப்புல ஒக்காந்துக்கறேன். அந்த வட்டலுக்கும் போட்டு வச்சுட்டுத்தான் நான் திங்கறேன். பைத்தியக்காரின்னு சொல்லுவாங்கன்னு கதவச் சாத்திக்கறேன். எம்புள்ளைய நான் என்ன செஞ்சுட்டேன்? அவனுக்காகத்தான அத்தனையும் பண்ணேன்? எல்லாம் அந்தக் குப்பமுத்து கண்ணு. அவன் மட்டும் அன்னைக்கு என் காட்டுல ஏரு பூட்டாம இருந்திருந்தான்னா இந்தக் கதையே இல்ல.

அழல, அழல. தூசி.

ஒங்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? மத்தியானந்தான டூட்டின்ன. எங்கூட எறங்கி ஒரு பத்து நிமிசம் வாயேன். என் பேரக் குடுத்தா அவன் வர மாட்டான். நீ மனு குடு. உன் பேரே இருக்கட்டும், ஆதாரு காட்டறதுக்கு அதான் சரியா இருக்கும். என்ன ஒறவுன்னு கேப்பாங்க. அப்ப மட்டும், அவனக் கட்டிக்கப் போற பொண்ணுன்னு சொல்லு. உள்ள போயி பேரச் சொல்ல மாட்டாங்க, ஒறவச் சொல்லித்தான் சத்தம் போட்டுக் கூப்புடுவாங்க. ஓடி வருவான் கண்ணு. வெண்ணிலான்னு நெனச்சுக்கிட்டு ஓடி வருவான்.

அவளா? அவளுக்குத் தை மாசமே வேற எடத்துல கட்டிக் குடுத்துட்டாங்க. அது அவனுக்குத் தெரியாது. நீயும் சொல்லிராத.

நீ ஒண்ணும் பேச வேண்டாம். முன்னால நில்லு, போதும். நான் ஒம்பின்னால முக்காடு போட்டுக்கிட்டு நின்னுக்கறேன். அவன் வந்து கம்பியப் புடிச்சுக்கிட்டு அவ மொகத்தத் தேடுவான் பாரு, அப்ப நீ மெதுவா வெலகிக்க. வெலகுனதும் நான் அவன நல்லாப் பாத்துக்கறேன்.